ராத்திரியே ஏழு மணி நேரமா, ராத்திரி ஐந்தும் மதியம் இரண்டுமா?

வடசென்னையில் காசிமேடு, வியாசர்பாடி பக்கம் அறுபதைத் தாண்டியவர்கள் பலருக்கு ராத்திரி ஐந்து மணி நேரம்தான் தூக்கம். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கட்டையைச் சாய்த்தால் இன்னும் இரண்டு. கூட்டினால் ஏழு வருகிறதே, போதாதா என்றால், என் ஓட்டு ராத்திரியே ஏழுக்குத்தான். மதியம் வேண்டுமானால் அரை மணி.

அளவில் பெரிய சண்டை இல்லை. 65 வயதுக்கு மேல் 7 முதல் 8 மணி நேரம் என்பதுதான் பொதுவான பரிந்துரை. பிரிட்டனில் சுமார் 8,000 அரசு ஊழியர்களை 25 ஆண்டு பின்தொடர்ந்த ஒயிட்ஹால் ஆய்வு (2021), 50 வயது முதல் 70 வரை தொடர்ந்து ஆறு மணி நேரமோ குறைவாகவோ தூங்கியவர்களுக்கு மறதிநோய் ஏறத்தாழ 30 சதவீதம் அதிகம் என்றது. இது தொடர்புதான், தூக்கத்தைக் கூட்டினால் நோய் வராது என்பதற்கான நிரூபணம் அல்ல.

தீர்மானிப்பது மதியத் தூக்கத்தின் நீளம். விழித்திருக்க விழித்திருக்கத்தான் தூக்க அழுத்தம், அதாவது தூங்கியே ஆக வேண்டும் என்று உடம்பு கேட்கும் உந்துதல், ஏறும். இரண்டு மணி முதல் நான்கு வரை தூங்கினால் அது கரைந்துபோய், ராத்திரி பதினொன்றரை வரை கண் ஒட்டாது. நாலரைக்குத் தண்ணீர் லாரியும் குடச் சத்தமும் எழுப்பிவிடும். போவது விடியற்காலைத் தூக்கம். கனவுத் தூக்கம் அதிகம் வருவது அப்போதுதான். மறுநாள் அசதி, மறுபடி இரண்டு மணி நேரம் கட்டை. ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பகலில் தூங்கிய முதியவர்களுக்கு அல்சைமர் அபாயம் சுமார் 40 சதவீதம் கூடுதல் என்று 2022இல் ஒரு அமெரிக்க ஆய்வு சொன்னது. நோய் தொடங்குவதாலும் பகல் தூக்கம் கூடும் என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

மாற்ற விரும்பினால் எழும் நேரத்தை முதலில் பூட்டுங்கள், ஞாயிறு உட்பட. ஐந்துக்கு எழ வேண்டுமென்றால் படுக்கை ஒன்பதே முக்காலுக்கு. எட்டுக்கே பாயை விரித்துப் புரளுவதுதான் பலரும் செய்யும் தப்பு. மதியம் மூன்றுக்கு முன், அலாரம் வைத்து 30 நிமிடம். கடைசி டீ இரண்டு மணிக்கு. நீர் மாத்திரையைக் காலையில் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாலையில் போட்டால் ராத்திரி மூன்று தடவை கழிவறைக்கு நடக்க வேண்டிவரும். முதல் வாரம் பகலில் சொக்கும், அது எதிர்பார்த்ததே.

தூக்கத்துக்காகப் போடும் அல்பிரசோலம் போன்ற மாத்திரை மூன்றாவது வழி. வயதானவர்களுக்குக் குழப்பமும் வழுக்கி விழுதலும் தருவது அது. ஏற்கெனவே பல மாதம் சாப்பிடுபவர்கள் சட்டென்று நிறுத்தவும் கூடாது, மருத்துவர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

விடியுமுன் மூன்று மணிக்கு மீன் ஏலத்துக்குப் போகிறவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கை அப்படியே சொல்ல மாட்டேன். அவர்களுக்கு மதிய ஒன்றரை மணி நேரத்தைப் பிடுங்கினால் மிஞ்சுவது ஐந்துதான். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறி எழுபவருக்கும், திடீரென்று பத்து மணி நேரம் தூங்க ஆரம்பித்தவருக்கும் நேரத்தை மாற்றிப் பயனில்லை. ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ வேறெங்கோ முதலில் காட்டட்டும்.