கிரவுண்டில் விற்கிற இம்யூனிட்டி பவுடர்: வாங்கலாமா?

பையன் 800 மீட்டர் ஓடுகிறான். மாவட்டப் போட்டி நெருங்கி கோச் பிழிய ஆரம்பித்தால் போதும், தொண்டை கட்டிக்கொள்ளும், மூக்கு ஒழுகும். கிரவுண்டுக்கு வருகிற பெற்றோர் பாதிப் பேர் வாங்குகிறார்களே என்று நானும் ஒரு பெரிய டப்பா வாங்கினேன். பிராண்ட் பெயர் வேண்டாம், இந்த ரகத்தில் எல்லாமே கிட்டத்தட்ட ஒன்றுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த பாலிலும் கட்டி தட்டாமல் கரைகிறது, சாக்லேட் வாசனை தூக்கலாக இருந்தாலும் பையன் அடம்பிடிக்காமல் குடிக்கிறான்.

கடுமையான பயிற்சி எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் என்று டப்பாவின் முன்பக்கம் பயமுறுத்துகிறது. அடியோடு பொய் என்று சொல்ல முடியாது. 1987 லாஸ் ஏஞ்சலஸ் மாரத்தானில் ஓடியவர்களை அமெரிக்க உடற்பயிற்சி ஆய்வாளர் டேவிட் நீமன் குழு விசாரித்தபோது, அடுத்த வாரத்தில் சுமார் 13 சதவீதம் பேர் சளி, காய்ச்சல் என்றார்கள். அதே மாதிரி பயிற்சி எடுத்தும் அன்று ஓடாதவர்களில் 2 சதவீதம் சொச்சம்தான். ஆனால் அது 42 கிலோமீட்டர், அதுவும் அவரவர் வாயால் சொன்ன கணக்கு. கடுமையாக ஓடி முடித்ததும் ரத்தத்தில் லிம்போசைட்டுகள் (கிருமியை எதிர்க்கிற ஒரு வகை வெள்ளை அணுக்கள்) குறைவதுதான் காரணம் என்று ரொம்ப நாள் நம்பினார்கள். 2018ல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேம்ப்பெல், டர்னர் இருவரும் அவை அழிந்துபோகவில்லை, நுரையீரல், குடல் பக்கம் காவலுக்குப் போயிருக்கின்றன என்று வாதிட்டார்கள். கூட்டம், பயணம், தூக்கமின்மை இவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஓட்டத்தின் மேல் மட்டும் பழி போடக் கூடாது என்பது அவர்கள் கட்சி. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

இப்போது டப்பாவைத் திருப்புங்கள். எது எடையில் அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வரும்: சர்க்கரை. அப்புறம் மாவுச்சத்தான மால்ட்டோடெக்ஸ்ட்ரின், பால் பவுடர், வால் பகுதியில் வைட்டமின் சி, ஜிங்க். அதற்கும் கீழே பொடி எழுத்தில், மருந்தாகப் பயன்படுத்த அல்ல. வேடிக்கை என்னவென்றால் இதில் ஓரளவு ஆதாரம் உள்ள சரக்கே மாவுச்சத்துதான். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் பயிற்சியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் எடுத்தால், எதிர்ப்பு சக்தியை அடக்குகிற கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறுவது மட்டுப்படும். அதற்கு ரெண்டு வாழைப்பழம் போதாதா? வைட்டமின் சி மாரத்தான்காரர்களுக்கும் கடுங்குளிரில் பயிற்சி எடுத்த ராணுவ வீரர்களுக்கும் சளியைப் பாதியாகக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு, நம் பிள்ளைகள் ஓடுகிற ஓட்டத்துக்கு ஒரு கொய்யாப்பழம் தாராளம்.

உண்மையில் இடித்தது தூக்கம். ராத்திரி ட்யூஷன், விடியுமுன் கிரவுண்ட், நடுவில் ஆறு மணி நேரம்கூடத் தேறாது. பதின்ம வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். ட்யூஷனை வார இறுதிக்குத் தள்ளினோம், இப்போது இருமல் குறைந்திருக்கிறது, பவுடராலா தூக்கத்தாலா என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது விற்கிறவரிடம். "லேசா காய்ச்சல்னாலும் ரெண்டு ஸ்கூப் குடுத்து அனுப்புங்க சார், ஒண்ணும் ஆகாது" என்கிறார். வெறும் மூக்கொழுகல் என்றால் மெதுவாக ஓடலாம், காய்ச்சலோடு கடும் பயிற்சி கூடவே கூடாது. வைரஸ் இதயத் தசையையும் தாக்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து. அவர் பேச்சைக் கேட்டு அனுப்பிவிடாதீர்கள். சுவைக்காக வாங்குவதென்றால் சின்ன பாக்கெட்டும் வைத்திருக்கிறார், கேட்டால்தான் எடுத்துத் தருவார்.