நோஹப், டிமக்ஸ், சிஸ்டம்டி: ஓடும் ஸ்கிரிப்ட்டை யாரிடம் ஒப்படைப்பது?

எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலுள்ள லினக்ஸ் சர்வரில் நுழைந்து ஒரு ஸ்கிரிப்ட்டை ஓட விட்டுவிட்டு லேப்டாப்பை மூடினால், பெரும்பாலும் அதுவும் சேர்ந்து செத்துப்போகும். டெர்மினல் போகும்போது வரும் ஹேங்கப் சிக்னலின் வேலை அது. இதற்காக நான் மாறி மாறிப் பிடித்தவை மூன்று: ஹேங்கப்பைக் கண்டுகொள்ளாமல் ஓட வைக்கும் நோஹப், டெர்மினலையே சர்வரில் உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸ், சர்வரின் சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி. இப்போது இருப்பது சிஸ்டம்டியில். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

தொடங்கும் வேகத்தில் நோஹப்பை அடிக்க ஆளில்லை. கமாண்டுக்கு முன்னால் நோஹப், கடைசியில் ஓர் ஆம்பர்சண்ட், அவ்வளவுதான். டிமக்ஸ் இன்னும் சொகுசு: கண்ட்ரோல்-பி, பிறகு டி தட்டிவிட்டுக் கிளம்பலாம், மறுநாள் அதே திரையில் வந்து உட்காரலாம். 1987-லேயே வந்த ஸ்கிரீன் என்ற கருவியும் இதைச் செய்யும். கைப்பழக்கம் எதுவோ அது.

ஓட விடுவது யாராலும் முடியும். நிறுத்தும்போதுதான் வண்டவாளம் தெரியும்.

நோஹப்பில் ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அது ஒரு பைத்தான் நிரலைக் கூப்பிடும். பழையதைக் கில் செய்துவிட்டு, திருத்தியதை ஓட விட்டேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அவுட்புட் ஃபைலில் ஒவ்வொரு வரியும் இரண்டிரண்டு. ஓடும் ப்ராசஸ் எல்லாவற்றையும் பட்டியலிடும் பிஎஸ் -ஈஎஃப் போட்டு, பைத்தான் என்று வரும் வரிகளை மட்டும் கிரெப்பில் வடித்தேன். மூன்று வரி. ஒன்று கிரெப்பே (தன்னையும் காட்டிக்கொள்ளும் வியாதி அதற்கு உண்டு, பிகிரெப் -எஃப் என்றால் அந்தத் தொல்லை இல்லை). ஒன்று புது பைத்தான். மூன்றாவதன் பெற்றோர் எண் 1, அதாவது சர்வரில் முதலில் எழுந்து அநாதைகளைத் தத்தெடுக்கும் ப்ராசஸ். நான் கொன்றது பாஷை மட்டும். பிள்ளை 1-ஆம் எண்ணிடம் தத்துப் போய், சாவகாசமாக எழுதிக்கொண்டிருந்தது.

சிஸ்டம்டியில் ஒவ்வொரு சர்வீசுக்கும் தனி சிகுரூப், அதாவது அதன் ப்ராசஸ்களை ஒன்றாகக் கட்டி வைக்கும் குழு. ஸ்டாப் என்றால் பாஷ், பைத்தான், அது பெற்ற பேரப்பிள்ளைகள் அத்தனைக்கும் ‘முடித்துக்கொள்’ என்னும் டெர்ம் சிக்னல் போகும். வழக்கமான அமைப்பில் 90 விநாடி பார்த்துவிட்டு, அடங்காததைக் கொன்றுவிடும். சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் போட்டால் எப்போதிலிருந்து ஓடுகிறது, எது எதன் பிள்ளை, கடைசி 10 லாக் வரி, எல்லாம் ஒரே திரையில். பிஐடி என்ற ப்ராசஸ் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு திரிய வேண்டியதில்லை. ரீபூட்டுக்குப் பிறகும் எனேபிள் செய்தது தானே எழுந்துவிடும். டிமக்ஸ் செஷன் ரீபூட்டோடு போச்சு.

தலைவலியும் உண்டு. எதை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் யூனிட் ஃபைல் எழுத வேண்டும். நம் டெர்மினல் அமைப்புகள் இருக்கும் பாஷ்ஆர்சி ஃபைலை சிஸ்டம்டி படிக்காது, அதனால் கையால் ஓட்டினால் ஓடுவது சர்வீசாகப் படுத்துவிடும். கமாண்டுக்கு முழுப் பாதை கொடுத்தால் பாதித் தகராறு தீரும். ரீஸ்டார்ட்டை ஆன்-ஃபெய்லியர் (விழுந்தால் மறுபடி எழுப்பு) என்று வைத்தாலும், 10 விநாடிக்குள் 5 முறை விழுந்தால் கைகழுவிவிடும். அதனால், மறுபடி எழுப்பும் முன் காத்திருக்கும் விநாடியான ரீஸ்டார்ட்செக்கை நான் 10 ஆக்கிவிட்டேன்.

நான் மேய்ப்பது இரண்டு மூன்று சர்வர்கள்தான். கண்டெய்னருக்குள் ஓட்டுபவர்கள் கணக்கு வேறாக இருக்கலாம். ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை என்றால் இன்றைக்கும் டிமக்ஸைத்தான் திறக்கிறேன்.