கண்ணாடி இல்லாத நடனப் பள்ளி: நியூயார்க்கில் சல்சாவும் பொம்பாவும் கற்ற அனுபவம்

நாலு டர்ன் சீக்கிரமாகக் கற்றுக்கொண்டு நண்பன் கல்யாண வரவேற்பில் ஆடிக்காட்ட வேண்டும் என்பவர்களுக்கு இந்தப் பள்ளி சரிப்படாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிழக்கு ஹார்லெமில், அங்குள்ளவர்கள் 'எல் பாரியோ' என்று அழைக்கும் பகுதியில், ஒரு பழைய கட்டடத்தின் மாடியில், லத்தீன் அமெரிக்க ஜோடி நடனமான சல்சாவும், முரசுக்கு ஆடும் பொம்பாவும் கற்றுத்தரும் சமூக நடனப் பள்ளி இது. கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் லாப நோக்கமில்லாமல் நடத்துகிறார்கள். சில வருடங்களாகப் போய்வருகிறேன். அதற்கு முன் நகரின் மையத்தில் ஒரு பெரிய ஸ்டுடியோவில் படித்திருப்பதால் இரண்டையும் வைத்துப் பார்த்துச் சொல்ல முடிகிறது.

இங்கே கண்ணாடி கிடையாது. கண்ணாடி இருந்தால் ஆடுபவரின் கண் தன் மேலேயே நிற்கும், பார்ட்னர் பக்கமும் வாத்தியக்காரர் பக்கமும் போகாது என்று வேண்டுமென்றே வைக்காமல் விட்டிருக்கிறார்கள். தோள் சாய்கிறதா, கை தொங்குகிறதா என்பதை உடன் ஆடுபவர்தான் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் கூச்சமாக இருக்கும்.

சேர்ந்த புதிதில் கால் வைக்கவே விடமாட்டார்கள். கிளாவே தட்டச் சொல்வார்கள். கிளாவே என்பது இந்த இசைக்கு அடிப்படையான தாளக் கட்டு: இரண்டு தாளச் சுற்றுகளில் பரவிக் கிடக்கும் ஐந்து தட்டுகள். மூன்று ஒரு பக்கம், இரண்டு ஒரு பக்கம். பாட்டைப் பொறுத்து மூன்றில் தொடங்கலாம், இரண்டில் தொடங்கலாம். கியூபாவின் சோன் இசையில் ஒரு வகை, ரும்பாவில் மூன்றாவது தட்டு அரை எண்ணிக்கை தள்ளி விழும் இன்னொரு வகை. பல பாடல்களில் அதை யாரும் வெளியே தட்டுவதே இல்லை. பியானோ, பேஸ், காங்கா (கையால் வாசிக்கும் உயரமான முரசு) எல்லாம் அதை மனதில் வைத்தே நடக்கும், கேட்பவர்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்டுடியோவில் ஒரு முழுப் பருவமும் படித்தபோது இந்தச் சொல் ஒரு முறைகூட என் காதில் விழவில்லை. அங்கே எல்லாம் 'ஒன், டூ, த்ரீ, ஃபைவ், சிக்ஸ், செவன்'தான் (நாலிலும் எட்டிலும் கால் நிற்கும்).

பள்ளியின் உண்மையான மதிப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது. நியூயார்க் சல்சாவை 'ஆன் டூ' என்பார்கள். உடல் முன்னும் பின்னும் திசை மாறுவது இரண்டாவது எண்ணிக்கையில். ஏன் இரண்டு? காங்காவின் தும்பாவ் என்ற அடிப்படை வாசிப்பில் உள்ளங்கையால் 'சப்' என்று அறையும் அடி இரண்டில் விழுகிறது. திறந்த ஓசை தரும் அடிகள் நாலை ஒட்டி வரும். காங்காவை நடுவில் வைத்து, ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் அந்த 'சப்' அடியில் மட்டும் காலை மாற்றிப் பழகும் வகுப்பு ஒன்று உண்டு. அதற்குப் பிறகு எண்ணிக்கை தேவைப்படுவதில்லை.

இன்று உலகெங்கும் சொல்லிக்கொடுக்கப்படும் ஆன் டூ பெரும்பாலும் நியூயார்க் நடன ஆசிரியர் எடி டோரஸ் ஒழுங்குபடுத்திப் பரப்பிய முறை. புகழ்பெற்ற இசைக்கலைஞர் டீட்டோ புவெந்தேயின் இசைக்குழுவோடு ஆடியவர் அவர். ஆனால் அதற்கு முந்தைய தலைமுறை வேறு மாதிரி ஆடியது: இரண்டு-மூன்று-நாலு, ஆறு-ஏழு-எட்டு என்று. ஒன்றிலும் ஐந்திலும் கால் நின்றுவிடும். பிராட்வேயும் 53-வது தெருவும் சந்திக்கும் இடத்தில் மாடியில் இருந்த பல்லேடியம் அரங்கில், மச்சீட்டோ, டீட்டோ புவெந்தே, டீட்டோ ரொட்ரீகெஸ் ஆகிய மூவரின் இசைக்குழுக்கள் மாறிமாறி வாசித்த காலத்து மாம்போ அது, சல்சாவுக்கு முன்னோடியான நடனம். கறுப்பர், வெள்ளையர், போர்ட்டோ ரிக்கோக்காரர், இத்தாலியர், யூதர் என்று எல்லோரும் ஒரே தரையில் ஆடிய அரங்கு. 1966-ல் மூடப்பட்டது. அந்த ஆட்டத்தை உடம்பில் வைத்திருப்பவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள்.

அப்படி ஒரு அம்மா எங்கள் பள்ளிக்கு வருவார். எல்லோரும் 'தோன்யா' என்று மரியாதையாக அழைப்பார்கள். அவர் வகுப்பு எடுப்பதில்லை, நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பாட்டு பிடித்தால் எழுந்து கையை நீட்டுவார். யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் ஆட வேண்டும். என்னோடு ஆடும்போது அவர் ஒன்றில் காலே வைப்பதில்லை. அந்த இடைவெளியில் என் உடம்பும் தானாக நின்றது. அவர் ஆட்டத்தை ஒரு காணொளியில் பிடித்துவைக்கலாம். ஆனால் அந்த நிறுத்தத்தின் எடையைக் கையால்தான் வாங்க வேண்டும். பள்ளி இதைப் புரிந்துகொண்டு, வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சோஷியல் (எல்லோரும் கலந்து ஆடும் நேரம்) வைக்கிறது. வகுப்புக்கு மட்டும் வந்துவிட்டுக் கிளம்புகிறவர்களை ஆசிரியர் விடமாட்டார். அவர் கணக்கில் சோஷியல்தான் பாடம், வகுப்பு அதற்கான தயாரிப்பு.

மாதம் இருமுறை பொம்பா வகுப்பு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். போர்ட்டோ ரிக்கோவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் உருவாக்கிய இசையும் ஆட்டமும் பொம்பா. அங்கே அடிமை முறை ஒழிந்தது 1873-ல்தான். பீப்பாய்களில் ஆட்டுத்தோல் கட்டிய 'பரில்' என்ற முரசுகள் குறைந்தது இரண்டு வேண்டும். அவற்றில் புலேயதோர் என்ற முரசு அடிப்படைத் தாளத்தை விடாமல் பிடிக்கும். ப்ரீமோ என்ற இன்னொரு முரசை வாசிப்பவரின் கண் ஆடுபவர் மேலேயே இருக்கும். ஆடுபவர் முரசுக்கு வணக்கம் வைத்து வட்டத்துக்குள் வருவார். தோளை வெட்டினால், பாவாடையை ஒரு சுண்டு சுண்டினால், கால் சட்டென்று நின்றால், அதை அந்தக் கணமே ப்ரீமோ ஒலியாக்க வேண்டும். நம்மூர் பரதத்தில் ஜதிக்குத்தான் கால் போகும். இங்கே காலுக்கு முரசு வருகிறது. அடிமையாக இருந்தவனுக்குத் தன் உடம்பு கட்டளையிட முரசு பணிந்த சில நிமிடங்கள் எப்படி இருந்திருக்கும் என்று ஒவ்வொரு முறையும் யோசிப்பேன். ஒரு முறை வட்டத்துக்குள் போய்ப் பார்த்தால் உங்களுக்கும் தோன்றும்.

சிக்கா, யூபா, ஹொலாந்தே என்று தாள வகைகள் பல. யூபா மெதுவானது, ஆனால் அதுதான் சிரமம். இந்தக் கலை தொடர்ந்து நிலைத்ததற்கு போர்ட்டோ ரிக்கோவில் சான்டூர்சேயின் செப்பேடா, லொயீசாவின் அயாலா போன்ற குடும்பங்கள் காரணம் என்று ஆசிரியர் ஒவ்வொரு பருவத்திலும் சொல்லித்தான் தொடங்குவார். 2019-ல் போர்ட்டோ ரிக்கோவின் ஆளுநரைப் பதவி விலகச் சொல்லி தலைநகர் சான் ஹுவானில் மக்கள் திரண்டபோது, தெருவில் பொம்பா ஆடினார்கள். அதையும் வகுப்பில் பேசுவார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. சொன்ன நேரத்துக்கு வகுப்பு தொடங்காது. நிலை வாரியான பிரிவு கிடையாது, புதியவரும் பழையவரும் ஒரே வட்டத்தில். கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு சில மாதங்கள் சலிப்பாக இருக்கும். கோடையில் மாடி அடுப்பாகிவிடும். ஸ்பின் நுட்பம் சொல்லிக்கொடுப்பதில் பெரிய ஸ்டுடியோதான் மேல், அதில் சந்தேகமில்லை. எனக்குப் பெரிய மனக்குறை வேறு: பெரியவர்கள் சொல்லும் கதைகளை யாரும் முறையாகப் பதிவுசெய்வதில்லை. கைப்பேசிகளில் ஆளுக்கொரு துண்டு இருக்கிறது. ஆட்டத்தைக் காப்பதில் இவ்வளவு கவனமாக இருப்பவர்கள் பேச்சை இப்படி விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன், தலையாட்டுகிறார்.

கட்டணம் ஸ்டுடியோவைவிட நன்றாகவே குறைவு. முடியாதவர்கள் முடிந்ததைக் கொடுக்கலாம், நாற்காலி அடுக்கித் தரை பெருக்கியும் ஈடு செய்யலாம். லீட் (வழிநடத்துவது), ஃபாலோ (பின்தொடர்வது) இரண்டையும் எல்லோரும் கற்க வேண்டும், ஆண் பெண் கணக்கில்லை. ரப்பர் அடிப்பாகமுள்ள ஷூவோடு போகாதீர்கள். தரையைப் பிடித்துக்கொண்டு, திரும்பும்போது முட்டியைப் பதம் பார்த்துவிடும். ஸ்வேட் (மென்மையான தோல்) அடி வைத்தது வாங்கினால் போதும். மாற்றுச் சட்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். காங்கா வகுப்பைத் தவிர்த்துவிட்டு நேராக ஸ்டெப் வகுப்பில் சேர முடியுமா என்று கேட்காதீர்கள், முடியாது.