"பார்வைக் குறைவுள்ளோருக்கு முழு வசதி" என்று போட்டிருந்தால் உடனே டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்

பெருநகர அருங்காட்சியகம் ஒன்றின் இணையதளத்தில் இப்படித்தான் போட்டிருந்தது. நேரில் போனால் வாசலில் ஒரு பிரெயில் பலகை, அவ்வளவுதான். மிச்சப் பார்வையோடு வருபவர்களில் பெரும்பாலோருக்குப் பிரெயில் தெரியாது. தொட்டுப் பார்க்கும் மாதிரிச் சிலைகள் பூட்டிய அறையில். சாவி வைத்திருப்பவர் லீவு. குரல் வழிகாட்டிக்கான கியூஆர் ஸ்டிக்கர் கட்டைவிரல் அகலம்தான், அதுவும் கண்ணாடிப் பெட்டிக்கு உள்ளே. மேல்விளக்கு கண்ணாடியில் பட்டுத் தெறிப்பதால் ஸ்கேன் ஆகவே இல்லை. கட்டணத்தைத் திருப்பிக் கேட்டதற்குக் கிடைத்தது புகார்ப் புத்தகம்.

கூடங்கள் ஏன் இருட்டாக இருக்கின்றன என்று கேட்டால், வெளிச்சம் பட்டால் பொருள்கள் வெளுத்துவிடும் என்பார்கள்; அந்தக் காரணத்தை அப்படியே ஏற்க வேண்டாம். பழந்துணி, காகித ஓவியம், சுவடி இவற்றுக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் என்பது நியாயமே, கூடினால் சாயம் வெளுத்துவிடும். கல்லும் வெண்கலமும் வெளிச்சத்தால் வெளுப்பதில்லை. கறுத்த வெண்கலச் சிலையைக் கறுப்புச் சுவர் முன் நிறுத்தி ஒற்றை விளக்கு போடுவது அழகுக்காகத்தான்; விளிம்பே தெரியாது. எந்தக் கூடமானாலும் 18 புள்ளிக்கு (பாயிண்ட்) குறையாத பெரிய எழுத்தில் விளக்கத்தாள் அச்சடித்துக் கவுண்டரில் வைக்கலாமே, அதற்கு என்ன தடை?

கைலென்ஸை மட்டும் நம்பிப் போகாதீர்கள். 4 மடங்கு லென்ஸின் குவியத் தூரம் சுமார் 6 செ.மீ.; விளக்க அட்டை கண்ணாடிக்கு ஒரு சாண் உள்ளே இருக்கும், எழுத்து கலங்கித்தான் தெரியும். கிட்டத்திலும் ஃபோகஸ் ஆகும் ஒற்றைக்கண் தொலைநோக்கி இருந்தால் எடுத்துப் போங்கள். இல்லையென்றால் போன் கேமராவைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, சுற்றிலும் கறுப்புத் துணியால் மறைத்துப் படமெடுத்துப் பெரிதாக்குங்கள். லென்ஸ் கண்ணாடியைத் தொட்டால் பிரதிபலிப்பு போய்விடும். ஃபிளாஷ் போடக் கூடாது. போட்டாலும் வெள்ளைப் பொட்டுதான் விழும். சில இடங்களில் கேமராவுக்குத் தனி டிக்கெட் உண்டு, போனுக்கும் அது வேண்டுமா என்று முதலிலேயே கேளுங்கள்.

திருத்தக் கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணில் பார்வை 6/18-க்குக் கீழ் (சாதாரணக் கண் 18 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடிவது 6/18), 3/60 வரை இருந்தால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி அது குறைபார்வை. அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. புகார் எழுதும்போது இரண்டையும் குறிப்பிட்டு, அட்டை எழுத்துக்கு நேரே கண்ணாடிமேல் ஸ்கேல் வைத்து எடுத்த படத்தோடு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

கிளம்புகிற அன்று காலையில் போன் செய்து, தொடு கூடத்துச் சாவி இன்று யாரிடம் இருக்கிறது என்று பெயரோடு கேட்டுக்கொள்ளுங்கள்.