திருமலையில் மழை நாள்: ஒல்லாந்தர் வீட்டு நூதனசாலை

மார்கழி லீவில் திருகோணமலைக்குப் போனால் மழைதான் பார்ப்பாய் என்று வவுனியாவில் எல்லாரும் சொன்னார்கள். அப்படியே ஆயிற்று. உப்புவெளியில் கடல் சேற்று நிறத்தில் குமுறிக்கொண்டிருந்தது. புறாத்தீவுக்குப் படகு ஓடும் காலமும் இது இல்லை. தங்கிய விடுதியில் கரண்ட் போனது, பெறாமகனின் ஃபோனில் சார்ஜும் போனது. ஓட்டோ பிடித்துக் கடல்சார் மற்றும் கடற்படை வரலாற்று நூதனசாலைக்குப் போனோம்.

முதலில் அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லாந்தரின் கடற்படை ஆணையாளர் குடியிருந்த மாடி வீடு அது. திருத்தி எடுத்து 2013 இல் நூதனசாலையாகத் திறந்தார்கள். ஜன்னல் ஓரத்தில் கையை நீட்டி அளந்து பார்த்தேன், சுவர் தடிப்பு ஒரு முழம் தாராளமாக வரும். வெளியே கொட்டுகிறது, உள்ளே மெல்லப் பேசினாலும் கேட்கிறது. தகரக் கூரையின் கீழ் வளர்ந்தவனுக்கு இது பெரிய சங்கதி.

காட்சிக்கு வைத்திருப்பதில் படமும் எழுத்துப் பலகையும்தான் கூடுதல். வாசிக்கப் பொறுமை இல்லாதவர்கள் சீக்கிரம் வெளியே வந்துவிடுவார்கள். பெறாமகன் அந்த ரகம். ஆனால் அவன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி: “ஏன் சித்தப்பா, எல்லாரும் இதுக்கே அடிபட்டவங்கள்?”

அடிபாடு என்றால் கொஞ்சநஞ்சமில்லை. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் திருமலையை ஒல்லாந்தரிடமிருந்து பிடிக்கிறார்கள். அதே வருடம் ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் வந்து பறிக்கிறார். பிறகு ஒல்லாந்தர் கைக்கே திரும்புகிறது. 1795 இல் மறுபடி ஆங்கிலேயர். காரணம் அப்போது ஜன்னலுக்கு வெளியே பெய்துகொண்டிருந்தது. வாடைக்காற்று தொடங்கினால் பாய்க்கப்பல்கள் சென்னைக் கரையில் நிற்க முடியாது. அந்தக் காலத்தில் அங்கே துறைமுகமே கிடையாது, திறந்த கடலில்தான் நங்கூரம். புயலுக்கு ஒதுங்க ஆங்கிலேயக் கப்பல்கள் சுற்றிக்கொண்டு பம்பாய் வரை போகவேண்டும். போகிற மாதங்களில் இந்தப் பக்கக் கடலில் காவல் இல்லை. திருமலையை வைத்திருப்பவனுக்கு அந்த ஓட்டம் தேவையில்லை.

சொன்னேன், அவன் பாதிதான் நம்பினான். மழை தூறலானதும் உட்துறைமுக வீதிப் பக்கம் நடத்திக்கொண்டு போனேன். காலையில் உப்புவெளியில் அலை கரையை ஏறி அடித்ததைப் பார்த்தவன், இங்கே தண்ணீரில் தூறல் விழும் புள்ளிகளைத் தவிர அசைவே இல்லாததைக் கண்டு “குளம் மாதிரிக் கிடக்கு” என்றான். பலகைகளில் வாசித்தது எனக்கும் அங்கேதான் ஒழுங்காக ஏறியது. ஆகையால் நூதனசாலையோடு நிறுத்தாமல் துறைமுகத்தையும் சேர்த்துப் பாருங்கள். கோடையில் வருகிறவர்கள் நிலாவெளிக் கடற்கரைக்கே போகலாம், குறை சொல்லமாட்டேன்.

அப்புறம் ஒன்று. ஓட்டோக்காரரிடம் “நேவி மியூசியம்” என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். கடற்படைத் தளத்துக்குள் ஹூட்ஸ் டவரில் இன்னொன்று இருக்கிறது. ஒல்லாந்தர் கட்டடம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஏறும் முன் காசையும் பேசிவிடுங்கள், மழை நாளில் ரேட் வேறு.