நாய்க்குட்டிக்கு ஆறாம் பாடம், கோழிக்கு ஒன்றுமில்லை: ஒரு வேதபாடப் புத்தகம் பற்றி

குழுவாக உட்கார்ந்து படிப்பதற்கென்றே வரும் வேதபாடப் புத்தகங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவைதான். ஒரு வசனம், அரைப் பக்க விளக்கம், கலந்து பேச நாலு கேள்வி, கடைசியில் ஒரு ஜெபம். கிறிஸ்தவன் விலங்குகளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கென்றே அப்படி ஒரு புத்தகம் இருக்கிறது என்று தெரிந்ததும் வரவழைத்து எங்கள் வேதபாடக் குழுவில் முழுக்க நடத்திப் பார்த்தோம். ஆறு பாடம், கூடவே ஆடியோ. வெளியிட்டவர்கள் பெயரைச் சொல்லவில்லை, கொஞ்சம் திட்டவும் போகிறேன் என்பதால். என் மதிப்பெண் 5க்கு 3.5. முதல் நான்கு பாடங்களுக்கு மட்டும் என்றால் தாராளமாக 4.5 கொடுத்திருப்பேன், கடைசி இரண்டும்தான் கீழே இழுத்துவிட்டன.

நல்லதை முதலில் சொல்கிறேன். ஆதியாகமம் 1:28ல் "ஆண்டுகொள்ளுங்கள்" என்று இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டுதான் எல்லாரும் விவாதத்தை முடித்துவிடுவார்கள். இந்தப் புத்தகம் அங்கே நிற்காமல் அடுத்த இரண்டு வசனங்களையும் வாசிக்க வைக்கிறது. மனிதனுக்கும் மிருகத்துக்கும் அங்கே ஆகாரமாகக் கொடுக்கப்படுவது செடிகொடியும் கனியும் மட்டும்தான். இறைச்சிக்கு அனுமதி வருவது ஜலப்பிரளயத்துக்குப் பிறகு, 9ஆம் அதிகாரத்தில். அதே அதிகாரத்தில்தான் தேவன் நோவாவோடு மட்டுமல்ல, பேழையிலிருந்து இறங்கிய சகல ஜீவஜந்துக்களோடும் உடன்படிக்கை செய்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் புத்தகம் பேசாமல் இருந்துவிடுகிறது. கறி சாப்பிடுகிறவன் பாவி என்றும் மிரட்டவில்லை, அனுமதி கிடைத்துவிட்டது என்று தட்டிக்கொடுக்கவும் இல்லை. எங்கள் குழுவில் அன்றைக்கு நடந்த வாக்குவாதத்துக்கு இதுதான் காரணம், அதற்காகவே வாங்கலாம்.

இரண்டாம் பாடம் நியாயப்பிரமாணம், அதாவது மோசேயின் சட்டம். களத்தில் கதிர் போரடிக்கிற மாட்டை வாய் கட்டாதே, ஓய்வுநாளில் உன் மிருகஜீவனும் வேலை செய்யக் கூடாது, கூட்டில் குஞ்சுகளோடு தாய்ப்பறவையைப் பிடிக்காதே, இவையெல்லாம் தெரிந்தவைதான். யாத்திராகமம் 23:5ஐ எடுத்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் கண்டும் காணாததுபோலப் போகாதே, அவனோடு சேர்ந்து அதற்கு உதவி செய் என்கிற வசனம். சண்டை உனக்கும் அவனுக்கும், நடுவில் கழுதை என்ன பாவம் செய்தது என்று கேட்கிறார் எழுதியவர்.

கழுதை என்றதும் மூன்றாம் பாடம், கழுதைமேல் ஏறிப் போன தீர்க்கதரிசி பிலேயாம். இருப்பதிலேயே உருப்படியான பாடம் இதுதான். ஞாயிறு பள்ளியில் பேசும் கழுதை என்று சிரித்துவிட்டுக் கடந்துபோகும் கதை. இங்கே எண்ணாகமம் 22ஐ வரிவரியாகப் படிக்க வைக்கிறார்கள். வழியில் பட்டயத்தோடு தூதன் நிற்பது கழுதைக்குத் தெரிகிறது, தீர்க்கதரிசிக்குத் தெரியவில்லை. அது வயலுக்குள் விலகுகிறது, அடி. சுவரோடு ஒண்டியதில் அவன் கால் நசுங்குகிறது, மறுபடி அடி. விலக இடமே இல்லாமல் படுத்துவிடுகிறது, மூன்றாவது அடி. கர்த்தர் அதன் வாயைத் திறந்தபோது அது உபதேசம் எதுவும் செய்யவில்லை, என்னை ஏன் மூன்றுதரம் அடித்தீர் என்று மட்டும்தான் கேட்கிறது. பிறகு கண் திறந்த பிலேயாமிடம் தூதன் முதலில் கேட்பதும் அதே கேள்விதான், உன் கழுதையை ஏன் மூன்றுதரம் அடித்தாய். அது விலகாதிருந்தால் உன்னைக் கொன்றுபோட்டு அதை உயிரோடே வைத்திருப்பேன் என்றும் சொல்கிறான். எத்தனையோ தடவை கேட்ட கதை, இந்த வரியை நின்று கவனித்தவர்கள் எங்கள் குழுவில் ஒருவரும் இல்லை.

நான்காம் பாடத்தில் சங்கடமான வசனங்களை ஒளிக்காமல் வைத்ததற்கு ஒரு சபாஷ். "தேவன் மாடுகளுக்காகவே கவலையாயிருக்கிறாரோ?" என்று பவுல் கேட்பது, இயேசு விரட்டிய பிசாசுகள் புகுந்ததில் ஏறக்குறைய இரண்டாயிரம் பன்றிகள் கடலில் பாய்ந்து செத்தது, அந்தப் பன்றிகளையே காட்டி மிருகங்களைக் கொல்லத் தயங்குவது மூடநம்பிக்கை என்று ஆதித் திருச்சபைப் பிதா அகுஸ்தீன் எழுதியது, மிருகத்தை வதைப்பவன் நாளைக்கு மனிதனையும் வதைப்பான், அதனால்தான் அது கூடாது என்று இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் சொன்னது, எல்லாம் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் ஏழாம் நூற்றாண்டுத் துறவி சிரியாவின் ஈசாக்கு வருகிறார். பறவைகள், மிருகங்கள், ஏன், பிசாசுகளுக்காகவும்கூட உருகுவதே இரக்கமுள்ள இருதயம் என்றவர். அப்புறம் 1781ல் ரோமர் 8ஆம் அதிகாரத்தை வைத்து, விலங்குகளும் ஒருநாள் மீட்கப்படும் என்று பிரசங்கித்த, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி.

புகார் இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஐந்தாம் பாடத்தில் அசிசி பிரான்சிசுக்கு, ஊரை மிரட்டிய ஓநாயோடு பேசிச் சமாதானம் செய்தார் என்ற கதையோடு பக்கம் பக்கமாக இடம் கொடுத்துவிட்டு, ஆர்தர் புரூமுக்கு இரண்டே வரி. புரூம் ஆங்கிலிக்கன் போதகர். 1824ல் லண்டனில் ஒரு காபிக் கடையில் கூடி உலகின் முதல் தேசிய விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கி வைத்தவர். மாட்டுச் சந்தையில் கொடுமைகளைக் கண்காணிக்கத் தன் கைக்காசைப் போட்டு ஆள் வைத்தார். சங்கத்தின் கடனுக்காக 1826ல் சிறைக்கும் போனார். ஓநாயோடு பேச நம்மால் முடியாது, கைக்காசைப் போட யாராலும் முடியும், அப்படியானால் குழுவில் பேச எது உதவும்?

அந்தக் காபிக் கடைக் கூட்டத்தில் வில்லியம் வில்பர்போர்சும் இருந்தார் என்பதையும் விட்டுவிட்டார்கள். மனுஷனே பட்டினி கிடக்கும்போது மிருகத்துக்கு என்ன இரக்கம் வேண்டியிருக்கிறது என்று ஒரு அண்ணன் எங்கள் குழுவில் கேட்டார், எந்தக் குழுவிலும் யாராவது கேட்பார்கள். அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாடுபட்ட அதே ஆள்தான் இங்கேயும் வந்து உட்கார்ந்தார் என்பதைவிட நேரான பதில் என்ன இருக்கிறது? இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது, அது தற்செயலாக விடுபட்டதாக எனக்குத் தோன்றவில்லை. புரூமுக்குப் பிறகு சங்கத்தைத் தூக்கி நிறுத்தியவர் லூயிஸ் கோம்பர்ட்ஸ் என்ற யூதர். 1830களின் தொடக்கத்தில் இது கிறிஸ்தவச் சங்கம் என்று தீர்மானம் போட்டதில் அவர் வெளியேற வேண்டியதாயிற்று. விலங்குக்கு இரக்கம் காட்டவென்று ஒன்றுகூடியவர்களே மனிதனிடம் இப்படி நடந்துகொண்டார்கள் என்பதையும் சொல்லியிருந்தால் அந்தப் பாடம் எவ்வளவோ நேர்மையாக இருந்திருக்கும்.

ஆறாம் பாடம்தான் பெரிய ஏமாற்றம். நடைமுறைப் பாடம் என்று தலைப்பு. உள்ளே முழுக்க நாயும் பூனையும். செத்துப்போன நாய் பரலோகத்தில் இருக்குமா என்று இரண்டு பக்கம். கலந்து பேச முதல் கேள்வியே, "உங்கள் செல்லப்பிராணிக்கு இந்த வாரம் எப்படி அன்பு காட்டுவீர்கள்?" எங்கள் குழுவில் ஒரு அக்கா, "நான்தான் எதுவும் வளர்க்கலையே, அப்போ இந்தப் பாடம் எனக்கு இல்லையா?" என்று கேட்டார். சிரித்தோம், ஆனால் கேள்வி சரிதான். மாடும் கழுதையும் வயல் வேலையுமாக ஐந்து பாடம் போனபின் திடீரென்று சோபாவில் கொண்டுபோய் உட்கார வைத்தால் எப்படி?

இதே பாடத்தில் அழகான குருவிப் படம் போட்டு மத்தேயு 10:29ஐ அச்சடித்திருக்கிறார்கள். ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவிகள். அந்தக் குருவிகளை எதற்கு விற்றார்கள்? கூண்டில் வைத்து அழகு பார்ப்பதற்கல்ல, சாப்பிடுவதற்கு. ஏழைகள் வாங்கக்கூடிய, சந்தையிலேயே மலிவான கறி. லூக்கா 12:6ல் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப் போட்டுப் பாருங்கள், நாலு குருவிக்குத்தான் காசு, ஐந்தாவது கொசுறு. அந்தக் கொசுறுக் குருவியையும் சேர்த்துத்தான் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை என்கிறார் இயேசு. குருவிகளைவிட நீங்கள் விசேஷித்தவர்கள் என்று அடுத்து வருவது உண்மை. அதற்காக முன்வரி அழிந்துபோகாது. கறிக்கடைப் பக்கம் பார்த்துப் பேசிய வசனத்தை வாழ்த்து அட்டையாக்கிவிட்டார்கள்.

உலகத்தில் இன்று ஆண்டுக்கு 7,000 கோடிக்கும் அதிகமான கோழிகள் இறைச்சிக்காகக் கொல்லப்படுகின்றன. பண்ணைக் கறிக்கோழியின் ஆயுள் பெரும்பாலும் ஆறேழு வாரம்தான். கம்பிக் கூண்டில் அடைத்த முட்டைக்கோழிக்குப் பல இடங்களில் கிடைப்பது ஒரு ஏ4 தாள் அளவுகூட இல்லாத இடம், இறக்கையை விரிக்க முடியாது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2418ஆம் பத்தியில், தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு எதிரானது என்று சொல்கிறது. இந்தப் பத்தியைப் புத்தகம் மேற்கோள் காட்டுகிறது, ஆனால் "தேவையின்றி" என்றால் எதுவரை என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கறியை விடு என்று சொல்லச் சொல்லவில்லை. நாம் வாங்கும் முட்டை எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்கச் சொல்லியிருக்கலாம். முதல் பாடத்தில் இருந்த தைரியம் கடைசிப் பாடத்தில் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை, வாங்குகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்திருப்பார்களோ என்னவோ.

அச்சும் தாளும் நன்றாக இருக்கிறது, எழுத்தும் பெரியவர்கள் படிக்கும் அளவில் இருக்கிறது. ஆடியோ தேவையே இல்லை. புல்லாங்குழல் பின்னணியில் ஒருவர் புத்தகத்தை அப்படியே வாசிக்கிறார், அவ்வளவுதான்.

வாலிபர் கூட்டத்துக்கோ வீட்டுக் கூட்டத்துக்கோ தேடுகிறவர்கள் வாங்கலாம், ஆடியோ இல்லாத பதிப்பு போதும். நடத்துகிறவர் ஐந்தாம் பாடத்துக்கு முன்னால் புரூமையும் கோம்பர்ட்சையும் பற்றித் தனியாகப் படித்துக்கொண்டு போவது நல்லது. ஆறாம் பாடத்தை நாங்கள் பாதியில் மூடிவிட்டு, நினிவே நகரத்தின் மனுஷரோடு அதன் மிருகஜீவன்களுக்காகவும் தேவன் பரிதபிக்கிற யோனா புத்தகத்தின் கடைசி வசனத்தையும் லூக்கா 12:6ஐயும் வாசித்து, அவரவர் வீட்டில் வாங்கும் முட்டையைப் பற்றிப் பேசினோம். அன்றைக்குக் கூட்டம் முடிய வெகுநேரமானது, இரண்டு பேர் கோபமாகத்தான் கிளம்பிப் போனார்கள்.