டி84 செல்களும் உஸ்ஸிங் சேம்பரும்: நெல்லைச் சூழலில் நீண்டகாலப் பயன்பாடு

கருவி பதியும் மின்னோட்டத்தின் வரைகோடு கெட்டால், ஆம்ப்ளிஃபயரைச் சந்தேகிக்கும் முன் செல்கள் வளரும் நுண்துளை ஃபில்டரையும் எலக்ட்ரோடையும் பாருங்கள். செல் படலத்தை நடுவே வைத்து, அதன் வழியே அயனிகள் பாய்வதை மின்னோட்டமாக அளக்கும் இரட்டை அறைதான் உஸ்ஸிங் சேம்பர். அதில் குளோரைடு ஓட்டம் அளக்கும் எவருக்கும் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். கருவி ஆண்டுக்கணக்கில் உழைக்கும். சேம்பரில் மாட்டுவதற்கு முந்தைய 10 நாள் செல் வளர்ப்பில்தான் சோதனை தேறுவதும் தவறுவதும்.

மனிதப் பெருங்குடல் புற்றிலிருந்து வந்த டி84 செல்லில் குளோரைடை வெளியே விடும் சிஎஃப்டிஆர் சேனல் இயல்பாகவே உண்டு. வளர்ப்பு மீடியம்: டிஎம்இஎம், எஃப்12 இரண்டும் சம அளவு, 5% சீரம். 12 மி.மீ. ஃபில்டருக்கு (0.4 மைக்ரான் துளை, 1.12 சதுர செ.மீ. பரப்பு) 5 லட்சம் செல் போதும். செல்களைப் பிரிக்கும் நொதியான ட்ரிப்சினில் இவை சீக்கிரம் பிரியாது. அவசரப்பட்டுக் கட்டிகளோடு விதைத்தால் ஓரிடத்தில் குவியலும் இன்னோரிடத்தில் ஓட்டையுமாகவே வளரும்.

செல் படலத்தின் மின்தடை 1,000 ஓம்·சதுர செ.மீ. தாண்டாத ஃபில்டரைச் சேம்பரில் ஏற்றாதீர்கள். கணக்கில் பலர் தவறுவது இங்கே: மீட்டர் 1,100 காட்டி, வெற்று ஃபில்டர் 120 காட்டினால், மீதி 980ஐப் பரப்பால் பெருக்க வேண்டும், வகுக்கக் கூடாது. விடை ஏறத்தாழ 1,098. சூடு குறைந்தால் மின்தடை கூடும். சித்திரை வெயிலில் ஏசி ஓடும் அறைக்கும் ஓடாத அறைக்கும் ஒரே தட்டு வேறு வேறு எண் தரும். இன்குபேட்டரிலிருந்து வெளியே எடுத்து 20 நிமிடம் ஆறவிட்டு, எப்போதும் ஒரே அறை வெப்பத்தில் அளப்பதே நம்பகம்.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று புழுதியையும் பூஞ்சை வித்துகளையும் அள்ளி வரும். அதற்குப் பயந்து மீடியத்தில் பூஞ்சைக்கொல்லியான ஆம்போடெரிசின் பி சேர்க்காதீர்கள். செல்லின் அடிப்பக்கச் (ஃபில்டரில் ஒட்டும் பக்கம்) சவ்வில் துளையிடவென்றே இந்தச் சோதனைகளில் கையாளும் மருந்து அது. மீடியத்தில் கலந்திருந்தால் எந்த அளவீட்டையும் முழுதாக நம்ப முடியாது. ஜன்னல் இடுக்குகளை அடைப்பதும் இன்குபேட்டர் தண்ணீர்த் தட்டை வாரம் ஒருமுறை மாற்றுவதும் அதைவிடப் பலன் தரும்.

சேம்பரில் ஊற்றும் ரிங்கர் உப்புக் கரைசல், மில்லிமோலார் கணக்கில்: சோடியம் குளோரைடு 120, சோடியம் பைகார்பனேட் 25, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 3.3, டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 0.8, மக்னீசியம் குளோரைடு 1.2, கால்சியம் குளோரைடு 1.2, குளுக்கோஸ் 10. ஆக்சிஜன் 95%, கார்பன் டை ஆக்சைடு 5% கலந்த வாயுவை முதலில் ஓடவிட்டு, கால்சியத்தைக் கடைசியில் சேருங்கள். முறை மாறினால் பிஎச் ஏறிக் கரைசல் பால்போல் வெளுக்கும். உச்சிப்பக்கம் (செல்லின் மேற்பக்கம்) குளோரைடுக்குப் பதில் குளுக்கோனேட் வைக்கிறீர்கள் என்றால், அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பக்கம் கால்சியத்தை 4 மில்லிமோலார் வரை கூட்டாவிட்டால் செல்களுக்கு இடையிலான இறுக்கம் விட்டுப்போகும்.

இரு பக்கமும் 5 மி.லி. வீதம் ஒரே நேரத்தில் ஊற்ற வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் ஃபில்டர் பிதுங்கிச் செல்கள் உரியும். செல் இல்லாத ஃபில்டரை வைத்து மின்னழுத்த வேறுபாட்டைச் சுழியாக்கி, கரைசலின் தடையையும் கழித்துவிட்டுத்தான் செல் உள்ள ஃபில்டரை மாட்ட வேண்டும். சுழி நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தால் கரைசலை எலக்ட்ரோடோடு இணைக்கும் அகர் பாலத்தில் காற்றுக்குமிழி இருக்கும், அல்லது எலக்ட்ரோடான வெள்ளிக் கம்பியின் குளோரைடுப் பூச்சு தேய்ந்திருக்கும். கம்பியை மெல்ல உரசி, ப்ளீச்சில் 20 நிமிடம் ஊறவைத்தால் மறுபடி கறுக்கும். சூட்டு நீர் சுற்றும் குழாயில் போர் தண்ணீர் விடாதீர்கள். உப்புப் படிந்து 37 டிகிரி எட்டாமலே நிற்கும்.

ஓட்டம் நிலைத்தபின், சிஎஃப்டிஆரைத் திறக்கத் தூண்டும் ஃபோர்ஸ்கோலின் 10 மைக்ரோமோலார், இருபுறமும். இது மருந்துக்கூர்க்கன் கிழங்கில் கிடைப்பது. பொங்கலுக்கு நம் வீடுகளில் வாங்கும் சிறுகிழங்குக்கு நெருங்கிய உறவு. கோடு ஏறிச் சமநிலையில் நின்றதும், உச்சிப்பக்கம் அந்தச் சேனலை அடைக்கும் சிஎஃப்டிஆர்இன்ஹ்-172 மருந்தை 20 மைக்ரோமோலார் விடுங்கள். அதற்கு மேல் போனால் மருந்து கரையாமல் படியும். இறக்கம் மெதுவாகத்தான் வரும், 10 நிமிடம் பொறுக்க வேண்டும். கடைசியில் அடிப்பக்கம் புமெட்டனைடு 100 மைக்ரோமோலார்: குளோரைடைச் செல்லுக்குள் ஏற்றும் வழியை அது அடைக்கும். ஒப்பீட்டுக்காக, மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ மட்டும் விட்ட ஒரு ஃபில்டர் ஒவ்வொரு நாளும் கூடவே ஓட வேண்டும். மூச்சுக்குழல் செல்கள் என்றால் எல்லாவற்றுக்கும் முன் அமிலோரைடு கொடுத்துச் சோடியம் ஓட்டத்தை நிறுத்துங்கள்.

கோடையில் கோடு நடுங்கினால் எர்த் குழி காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினாலே 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அடங்குவதுண்டு. ஆம்ப்ளிஃபயருக்கு யுபிஎஸ் கட்டாயம். மின்சாரம் போனால் இன்குபேட்டர் கதவைத் திறக்கவே வேண்டாம்.

நூற்றுக்கணக்கான சேர்மங்களைச் சலித்தெடுக்க இந்த முறை ஒத்துவராது. அந்த வேலைக்கு, அயோடைடு புகுந்தால் மங்கும் மஞ்சள் ஒளிர் புரதத்தைச் செல்லில் ஏற்றித் தட்டு ரீடரில் பார்ப்பதே வேகம். அதில் தேறிய நான்கைந்து சேர்மங்களைச் சேம்பருக்குக் கொண்டுவந்தால் போதும்.